டியூ காட்டும் அளவை மட்டும் பார்த்து நகலெடுக்காதீர்கள்

லினக்ஸில் ஒரு ஃபோல்டரை வேறு டிஸ்க்குக்கு நகலெடுக்கும் முன் பலரும் டியூ கட்டளையில் மொத்த அளவைப் பார்ப்பார்கள். அங்கே அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காலியிருந்தால் வேலையைத் தொடங்கிவிடுவார்கள். டியூ சொல்வது, கோப்புகள் இப்போது இருக்கும் டிஸ்க்கில் அடைத்திருக்கும் இடத்தை. போய்ச் சேரும் டிஸ்க்கில் எவ்வளவு அடைக்கும் என்பது வேறு கணக்கு.

அதிகம் பேரை மாட்டிவிடுவது சின்னக் கோப்புகள்தான். லினக்ஸில் பரவலான ஃபைல் சிஸ்டமான (கோப்புகளை டிஸ்க்கில் அடுக்கும் முறை) ஈஎக்ஸ்டி4 வழக்கமாக 4 கேபி பிளாக்குகளில் இடம் ஒதுக்கும். 32 ஜிபிக்கு மேற்பட்ட டிரைவை விண்டோஸில் எக்ஸ்ஃபேட் என்ற ஃபைல் சிஸ்டத்தில் ஃபார்மட் செய்தால் கிளஸ்டர், அதாவது ஒரு கோப்புக்கு ஒதுக்கும் குறைந்தபட்ச இடம், இயல்பாகவே 128 கேபி. 1 கேபி கோப்பானாலும் ஒரு முழு கிளஸ்டர் போய்விடும். அப்படி ஒரு லட்சம் கோப்புகள் இருந்தால் ஈஎக்ஸ்டி4இல் சுமார் 390 எம்பி, எக்ஸ்ஃபேட்டில் 12 ஜிபிக்கும் மேல். இத்தகைய ஃபோல்டரை, பல கோப்புகளை ஒன்றாக்கும் டார் கோப்பாகக் கட்டி அனுப்புவதே நல்லது.

அடுத்தது ஹார்ட் லிங்க், அதாவது டிஸ்க்கில் இருக்கும் அதே தரவுக்கு இன்னொரு பெயர். 50 ஜிபி தரவுக்கு 30 நாள் பேக்கப் வைத்திருக்கிறீர்கள், மாறாத கோப்புகள் ஹார்ட் லிங்க்காக இருக்கின்றன என்றால், டியூ 60 ஜிபி என்றுகூடக் காட்டலாம். நகலெடுக்கும் கட்டளையான ஆர்சிங்க்கில் சிறிய எழுத்து ஏ ஆப்ஷனை மட்டும் கொடுத்தால் ஒவ்வொரு லிங்க்கும் தனிக் கோப்பாகி 1500 ஜிபி கேட்கும். பெரிய எழுத்து ஹெச் ஆப்ஷனையும் சேர்க்க வேண்டும். எக்ஸ்ஃபேட்டில் ஹார்ட் லிங்க்கே கிடையாது. அங்கே இதுவும் உதவாது.

வர்ச்சுவல் மெஷின் டிஸ்க் கோப்புகளையும் தனியாகப் பாருங்கள். 100 ஜிபி கோப்பில் 12 ஜிபி மட்டுமே எழுதப்பட்டிருந்தால் டியூ 12 என்றே காட்டும். எழுதாத பகுதிக்கு இடம் ஒதுக்காமல் விடும் வசதி எக்ஸ்ஃபேட்டில் இல்லாததால், அங்கே போனால் முழு 100 ஜிபியும் பிடிக்கும்.

சரியாகக் கணக்கிட, ஆர்சிங்க்கை ட்ரை-ரன், ஸ்டாட்ஸ் ஆப்ஷன்களோடு, நகலெடுக்கும்போது கொடுக்கப்போகும் அதே விலக்குகளுடன் (நகலெடுக்காமல் விடும் கோப்புகள்) ஓட்டுங்கள். எதுவும் நகலாகாது, கோப்புகளின் எண்ணிக்கையும் மொத்த அளவும் கிடைக்கும். எண்ணிக்கையைச் சேருமிடத்தின் கிளஸ்டர் அளவால் பெருக்கி மொத்த அளவோடு கூட்டினால், ஏறத்தாழ உச்ச வரம்பு அதுதான். படிக்க அனுமதியில்லாத ஃபோல்டர்கள் கணக்கில் விடுபடும் என்பதால் சூடோ போட்டு, அதாவது நிர்வாகி அனுமதியோடு, ஓட்டுவது அவசியம்.

சேருமிடத்தில் டிஸ்க் பெட்டியில் அச்சிட்ட எண்ணைக் கணக்கில் எடுக்க வேண்டாம். 1 டிபி என்பது 1024இன் கணக்கில் 931 ஜிபி. ஈஎக்ஸ்டி4 அதில் 5 சதவீதத்தை, அதாவது சுமார் 46 ஜிபியை, ரூட் என்ற நிர்வாகிக் கணக்குக்கென ஒதுக்கிவைக்கும். ஒவ்வொரு கோப்பின் விவரத்தையும் வைக்கும் ஐநோட் அட்டவணைக்கும் சுமார் 14 ஜிபி போகும். காலி இடத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளையின் வெளியீட்டில் 'அவெய்ல்' பத்தியை மட்டும் பாருங்கள். வெறும் தரவு டிஸ்க் என்றால் டியூன்2எஃப்எஸ் கட்டளை கொண்டு ரூட் ஒதுக்கீட்டை 1 சதவீதமாகக் குறைக்கலாம்.

இடம் மிச்சமிருந்தும் "இடமில்லை" என்று பிழை வந்தால், டிஎஃப்பை ஐ ஆப்ஷனோடு ஓட்டுங்கள். ஈஎக்ஸ்டி4 இயல்பாக 16 கேபிக்கு ஓர் ஐநோட் என்றே வைக்கிறது. சராசரி அதைவிடச் சிறிய கோப்புகளாகக் குவிந்தால் இடத்துக்கு முன் ஐநோட் தீர்ந்துவிடும். பார்ட்டிஷனைப் பெரிதாக்காமல் பிறகு கூட்ட வழியில்லை, இல்லாவிட்டால் ஐநோட் எண்ணிக்கையைக் கூட்டி மறுபடி ஃபார்மட் செய்யத்தான் வேண்டும்.