விக்கிப்பீடியாவின் சிரிப்புத் தொடர் கட்டுரைகளில் சறுக்கும் இடங்கள்

2007 அக்டோபர் 1 அன்று ரோனி ஹேசல்ஹர்ஸ்ட் இறந்தார். பிரிட்டன் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களின் முகப்பு இசை என்றாலே அங்கே பலருக்கும் நினைவுக்கு வருகிறவர். 'எஸ் மினிஸ்டர்', 'லாஸ்ட் ஆஃப் த சம்மர் வைன்' இரண்டுக்கும் அவருடைய இசைதான். 'சம் மதர்ஸ் டூ ஹேவ் எம்' தொடருக்கு, அதன் பெயரையே மோர்ஸ் தந்திக் குறியீடாக்கிச் சின்னக் குழல்களில் ஊதவைத்த குறும்புக்காரர். அடுத்து வந்த இரங்கல் குறிப்புகளில் கூடுதலாக ஒரு செய்தி இருந்தது: எஸ் கிளப் 7 என்ற பாப் குழுவின் 'ரீச்' பாட்டை எழுதியதிலும் அவருக்குப் பங்கு உண்டாம். பிபிசி, கார்டியன் போன்ற பெரிய இடங்களிலேயே அது வந்துவிட்டது. உண்மையில் அந்தப் பாட்டை எழுதியவர்கள் கேத்தி டென்னிஸும் ஆண்ட்ரூ டாடும். ஹேசல்ஹர்ஸ்டுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. விக்கிப்பீடியாவில் யாரோ விளையாட்டுக்குச் சேர்த்துவிட்ட ஒரு வரியைச் சரிபார்க்காமல் எடுத்துப் போட்டிருக்கிறார்கள்.

பத்திரிகைகளைத் திட்டிவிட்டு நாம் நகர்ந்துவிட முடியாது. விக்கிப்பீடியாவில் எழுதித் திருத்தும் நம்மைப் போன்ற தொகுப்பவர்களுக்கான பொறி இதற்கு அடுத்த கட்டத்தில் இருக்கிறது. மேற்கோள் இல்லாமல் நிற்கும் இப்படி ஒரு வரியைப் பார்க்கும் நல்ல மனசுக்காரர் ஒருவர் கூகுளில் தேடுவார். பெரிய பத்திரிகையின் இரங்கல் குறிப்பு கிடைக்கும். மகிழ்ச்சியோடு அதையே மேற்கோளாக இணைத்துவிடுவார். அதோடு பொய்க்கு ஆதாரம் வந்துவிட்டது. இனி அதை நீக்குகிறவர்தான் விளக்கம் சொல்லவேண்டும்.

தப்பிக்க வழி, ஒவ்வொரு மாற்றமும் தேதியோடு பதிவாகும் கட்டுரையின் 'வரலாறு' பக்கத்தில் இருக்கிறது. சந்தேகமான வரி முதலில் எந்தத் தேதியில் நுழைந்தது என்று பாருங்கள். ஆதாரமாகக் காட்டப்படும் செய்தி அதற்குப் பிந்தையது என்றால், செய்தியாளர் நம் கட்டுரையைப் பார்த்தே எழுதியிருக்கலாம். பாட்டை எழுதியது யார் என்பதற்கு இசைத்தட்டு உறையும் உரிமைப் பதிவும் இருக்கும்போது இரங்கல் குறிப்பை நம்ப என்ன அவசியம்? எந்த ஆதாரத்தை எடுத்தாலும் ஒரு கேள்வி போதும்: இவருக்கு இது எப்படித் தெரிந்தது?

திரைப்பட, தொலைக்காட்சித் தகவல் தளமான ஐஎம்டிபியும் ரசிகர்களே எழுதும் விக்கிகளும் இந்தக் கேள்வியில் உடனே விழுந்துவிடும். அங்கே இருப்பதில் பெரும்பகுதி நம்மைப் போன்றவர்கள் ஏற்றியது. 'சுவையான தகவல்கள்' என்று வருகிற பகுதியில் இருப்பதை எடுக்கவே வேண்டாம். எங்கே தேடலாம் என்று துப்புத் துலக்கப் பயன்படுத்துங்கள், அவ்வளவுதான்.

சரி, ஒளிபரப்புத் தேதிக்கு வருவோம். இங்கே தவறு செய்கிறவர்கள் பெரும்பாலும் கவனமானவர்கள் என்பதுதான் வேடிக்கை. ஒரு விடுதியில் நடக்கும் பிபிசி நகைச்சுவைத் தொடரான 'ஃபால்ட்டி டவர்ஸ்' மொத்தமே 12 பகுதிகள்: 1975இல் ஆறு, 1979இல் ஆறு. இரண்டாவது சுற்று 1979 பிப்ரவரி 19 அன்று தொடங்கியது. வாரம் ஒன்றாகக் கணக்குப் போட்டால் மார்ச் கடைசிக்குள் முடிந்திருக்க வேண்டும். ஆனால் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் கடைசிப் பகுதி தள்ளிப்போய் அக்டோபர் 25 அன்றுதான் வந்தது. விரல்விட்டு எண்ணித் தேதி போட்டவர் ஏழு மாதம் தவறியிருப்பார். பிபிசியின் பழைய நிகழ்ச்சி நிரல்களை 'ஜீனோம்' தளத்தில் தேடிப் பார்க்கலாம். அருமையான தளம். ஆனால் அதில் இருப்பது 'ரேடியோ டைம்ஸ்' இதழில் முன்கூட்டியே அச்சான பட்டியல். கடைசி நேரத்தில் மாறியிருந்தால் அந்த இதழுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. 'இந்தத் தேதிக்குத் திட்டமிடப்பட்டிருந்தது' என்பதற்கு அது நல்ல ஆதாரம். 'ஒளிபரப்பானது' என்று எழுத இன்னொரு ஆதாரமும் வேண்டும்.

இதே தொடரை வைத்தே இன்னொரு தவறையும் காட்டிவிடுகிறேன். பார்த்தால் தவறு என்றே தெரியாது, அதனால்தான் இது எனக்கு மிகவும் எரிச்சல் தருகிறது. கட்டுரையில் 'தொடரின் முதல் பகுதி 1975 செப்டம்பர் 19 அன்று பிபிசி 2இல் ஒளிபரப்பானது' என்ற வாக்கியமும், அதன் முடிவில் மேற்கோள் எண் ஒன்றும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வருகிறவர் வாக்கியத்துக்கும் எண்ணுக்கும் நடுவே 'விடுதிக் காட்சிகள் டோர்க்கி நகரில் படமாக்கப்பட்டன' என்று செருகிவிட்டுப் போகிறார். கதை நடப்பது டோர்க்கியில் என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் வெளித்தோற்றமாகக் காட்டப்பட்ட கட்டடம் பக்கிங்ஹாம்ஷயரில் இருந்த வூபர்ன் கிரேஞ்ச் என்ற கிளப். இப்போது பழைய மேற்கோள், தான் சொல்லாத ஒன்றுக்குச் சாட்சியாக நிற்கிறது. புதுச் செய்தியைச் சேர்க்கிறவர்கள் மேற்கோள் எண்ணுக்குப் பின்னால் சேர்க்க வேண்டும். அதற்கென்று தனி மேற்கோளும் வேண்டும். அடுத்தவர் செய்த மாற்றத்தைப் பார்வையிடும்போதும் முதலில் இந்த இடைவெளியைத்தான் பார்க்க வேண்டும்.

தொடருக்குள் பேசப்படுவதை வெளியே நடந்ததாக எடுத்துக்கொள்வதும் உண்டு. 'சைன்ஃபெல்டு' என்ற அமெரிக்கத் தொடரைப் பற்றி எங்கே படித்தாலும் அது 'ஒன்றுமில்லாததைப் பற்றிய தொடர்' என்று இருக்கும். அப்படிச் சொல்லித்தான் என்பிசி தொலைக்காட்சி நிறுவனத்திடம் வாய்ப்புக் கேட்டார்கள் என்றும் சேர்த்துக்கொள்வார்கள். அப்படிக் கேட்டது 1992இல் வந்த நான்காம் பருவக் கதையில் வருகிற ஜார்ஜ் என்ற பாத்திரம்! நிஜத்தில் அவர்கள் சொன்ன யோசனை, ஒரு மேடை நகைச்சுவைக் கலைஞனுக்குச் சரக்கு எங்கிருந்து கிடைக்கிறது என்று காட்டுவதுதான் என்று தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜெர்ரி சைன்ஃபெல்டே 2014இல் ரெடிட் என்ற இணைய விவாதத் தளத்தின் கேள்வி பதிலில் விளக்கினார். ரெடிட்டைப் பொதுவாக ஆதாரமாக எடுக்க மாட்டோம். ஆனால் சம்பந்தப்பட்டவரே, தான் நேரில் இருந்த ஒரு விஷயத்தைப் பற்றிப் பேசும்போது, 'சைன்ஃபெல்டு கூறியுள்ளபடி' என்று எழுதித் தரலாம்.

ஒரு கலைஞர் தன்னைப் பற்றி இல்லாமல் இன்னொருவரைப் பற்றிப் பேசினால் கதை வேறு. மான்டி பைத்தான் என்ற பிரிட்டன் நகைச்சுவைக் குழு 1970இல் டோர்க்கியில் தங்கிய விடுதியின் உரிமையாளர் டொனால்ட் சின்க்ளேரைப் பார்த்துத்தான் 'ஃபால்ட்டி டவர்ஸ்' விடுதிக்காரரான பேசில் ஃபால்ட்டி பாத்திரம் பிறந்தது என்று, அந்தக் குழுவில் இருந்தவரும் பேசிலாக நடித்தவருமான ஜான் கிளீஸ் பலமுறை சொல்லியிருக்கிறார். பாத்திரத்தின் தோற்றத்துக்கு அது நல்ல ஆதாரம். அதை வைத்துக்கொண்டு 'சின்க்ளேர் முரட்டு ஆசாமி' என்று கட்டுரையின் சொந்தக் குரலில் எழுதக் கூடாது. அவருடைய மனைவி பின்னாளில் அந்தச் சித்திரிப்பை மறுத்துப் பேசினார். யார் சொன்னார், யார் மறுத்தார் என்று இரண்டும் இருக்க வேண்டும்.

எண்கள் தனி ரகம். 1983 பிப்ரவரி 28 அன்று வந்த 'மேஷ்' என்ற அமெரிக்கத் தொடரின் இறுதிப் பகுதிக்கு, தொலைக்காட்சி பார்ப்போரை அளவிடும் நீல்சன் நிறுவனத்தின் கணக்கில் ரேட்டிங் 60.2, பங்கு 77. ரேட்டிங் என்பது தொலைக்காட்சி உள்ள எல்லா வீடுகளிலும் எத்தனை சதவீதம் பார்த்தது என்பது. பங்கு என்பது அந்த நேரத்தில் பெட்டியைப் போட்டிருந்த வீடுகளில் எத்தனை சதவீதம் என்பது. '77 சதவீத அமெரிக்கர்கள் பார்த்தார்கள்' என்று எழுதினால் இரண்டு தவறு: வீடுகள் ஆட்களாகிவிட்டன, பெட்டியை அணைத்து வைத்திருந்தவர்கள் காணாமல் போய்விட்டார்கள். வீடுகள் சுமார் 5 கோடி, பார்த்தவர்கள் 10.59 கோடி. ஆங்கிலத்தில் 105.9 மில்லியன் என்று இருப்பதைத் தமிழில் 105.9 கோடி ஆக்கிவிட்டால், அன்றைய அமெரிக்க மக்கள்தொகையை நான்கு மடங்குக்கு மேல் தாண்டிவிடும். கைக்கணக்காக ஒருமுறை போட்டுப் பார்த்தாலே மாட்டிக்கொள்ளும்.

வசனங்களை நினைவிலிருந்து எழுதாதீர்கள். இரண்டாம் உலகப்போர்க் கால உள்ளூர்க் காவல்படையைப் பற்றிய பிரிட்டன் தொடரான 'டாட்ஸ் ஆர்மி'யில், சிறைப்பட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் தலைவன் பழிவாங்கப் பெயர்ப் பட்டியல் போடுகிறான். பைக் என்ற பையனிடம் பெயர் கேட்கும்போது கேப்டன் மேனரிங் பதறிப்போய், 'அவனிடம் சொல்லாதே, பைக்!' என்று கத்திவிடுகிறார். பலர் இதை 'உன் பெயரைச் சொல்லாதே, பைக்' என்று மேற்கோள் காட்டுகிறார்கள். கேள்விப்பட்டதை எழுதாமல் காட்சியைப் போட்டுப் பார்த்தால் தீர்ந்தது. கதைச்சுருக்கத்துக்கும் அந்தப் பகுதியே போதும். ஆனால் 'இது பிரிட்டனின் வர்க்கப் பெருமையைக் கிண்டல் செய்கிறது' என்று ஒரு வரி எழுதினால், அதைச் சொன்ன விமர்சகர் யார் என்று காட்ட வேண்டும்.

தமிழ் விக்கிப்பீடியாவில் நாம் அதிகம் செய்வது மொழிபெயர்ப்பு என்பதால் இதையும் சொல்லவேண்டும். ஆங்கிலக் கட்டுரையின் மேற்கோள்களை அப்படியே ஒட்டும்போது 'பார்த்த நாள்' என்ற தேதியும் கூடவே வந்துவிடும். அந்த நாளில் அந்தப் பக்கத்தைத் திறந்தவர் வேறு யாரோ. இணைப்பைத் திறந்து, செய்தி அங்கே இருக்கிறதா என்று பார்த்து, அப்புறம் உங்கள் தேதியைப் போடுங்கள். இணைப்பு செத்திருந்தால் இணைய ஆவணகத்தில் பழைய பிரதி கிடைக்கலாம். கிடைக்காத மேற்கோளைச் சுமந்துகொண்டு வருவதைவிட அந்த வரியை விட்டுவிடுவது மேல்.

சரியான ஆதாரமே பழையதாகிப் போவதும் நடக்கும். 'டாட்ஸ் ஆர்மி' மொத்தம் 80 பகுதிகள். இரண்டாம் சுற்றில் ஐந்து பகுதிகளின் ஒளிப்பதிவு தொலைந்துவிட்டது என்று 1990களின் புத்தகம் ஒன்று சொன்னால் அன்றைக்கு அது சரி. 2001இல் இரண்டு கிடைத்துவிட்டன. மீதி மூன்றை 2019இல் வேறு நடிகர்களை வைத்துப் புதிதாக எடுத்தார்கள். இதனால் 'மூன்றும் மீட்கப்பட்டன' என்று யாராவது மாற்றினால் அதையும் ஏற்கக் கூடாது. மறுபடி எடுத்தது வேறு, மீட்டது வேறு. தொலைந்த பகுதி இன்னும் எங்கிருந்தாவது கிடைக்கக்கூடும் என்பதால், இந்த மாதிரி வரிகளில் எந்த ஆண்டு நிலவரம் என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.