லீக் டூவில் மிட்ஃபீல்டராகத் தாக்குப்பிடிப்பது எப்படி?

இங்கிலாந்து கால்பந்தின் நான்காம் அடுக்கான லீக் டூவில் ஒரு சீசனுக்கு 46 லீக் ஆட்டங்கள், பல வாரங்களில் சனி, செவ்வாய் என்று அடுத்தடுத்து வரும், அதனால் முதலில் உடம்பைத் தயார் செய்யுங்கள். பல ஆட்டங்களில் பந்து தலைக்கு மேலேதான் பறக்கும். முட்டி மோதிய பிறகு அது எங்கே விழும் என்று கணித்து முன்கூட்டியே அங்கே நிற்பவரை எந்த மேனேஜரும் விடமாட்டார், அழகான பாஸ் எல்லாம் அப்புறம்தான். பெஞ்சிலேயே உட்கார வைக்கிறார்களா? லோனில், அதாவது தற்காலிகமாக வேறு கிளப்புக்கு, போகத் தயங்காதீர்கள், ஐந்தாம் அடுக்கான நேஷனல் லீக் என்றாலும் சரி, அடுத்த கிளப் பார்ப்பது நீங்கள் ஆடிய ஆட்டங்களைத்தான். 2018இல் பிரான்சுடன் உலகக் கோப்பை வென்ற மிட்ஃபீல்டர் காண்டேவே 2012-13இல் பிரான்சின் மூன்றாம் அடுக்கில் பூலோன் அணிக்கு ஆடியவர். ஒப்பந்தங்கள் வழக்கமாக ஜூன் 30இல் முடியும். ஜனவரியிலேயே ஏஜென்ட்டிடம் பேசிவிடுங்கள். வீரர்கள் சங்கமான பிஎஃப்ஏ உறுப்பினர்களின் படிப்புக்கு உதவுகிறது, ஆடும்போதே பயிற்சியாளர் சான்றிதழையும் தொடங்கிவிடுங்கள்.