மார்ச் வெயிலை நம்பி ஜாக்கெட்டை மடித்து வைக்காதீர்கள்: தெற்கு ஒன்ராறியோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

கனடாவுக்கு வருகிறவர்களுக்குக் குளிர்காலத்தைப் பற்றிச் சொல்ல ஆளுக்குக் குறைவில்லை. எந்த ஜாக்கெட் வாங்குவது, சப்பாத்து எப்படி இருக்க வேண்டும், காதை மூடாமல் வெளியே போகக் கூடாது என்று விமான நிலையத்திலேயே தொடங்கிவிடுவார்கள். மார்ச் பிறந்ததும் இந்த உபதேசமெல்லாம் நின்றுவிடும். "இனி வசந்தம்தானே" என்பார்கள். என்னைக் கேட்டால், மார்ச் நடுப்பகுதியிலிருந்து மே கடைசி வரையான காலம்தான் புதியவர்களை அதிகம் ஏமாற்றுகிறது. ஜனவரியில் எல்லோரும் விழிப்பாக இருக்கிறோம், ஏப்ரலில் அந்த விழிப்பு இல்லை.

சராசரிக் கணக்கைப் பார்த்தால் பயப்பட ஒன்றுமே இல்லாதது போலத்தான் தெரியும். ரொறன்ரோவில் பகல் வெப்பநிலை மார்ச்சில் 4 டிகிரி, ஏப்ரலில் 11 அல்லது 12, மேயில் 18 என்று ஒழுங்காக ஏறுகிறது. ஆனால் வருகிற நாட்கள் அந்தக் கணக்குக்கு அடங்குவதில்லை. 2012 மார்ச்சில் நாட்கணக்காக 20 டிகிரிக்கு மேலே போனது. அந்தச் சூட்டை நம்பி அப்பிள் மரங்கள் வழக்கத்துக்கு முன்பே பூத்தன. ஏப்ரல் கடைசியில் உறைபனி விழுந்து பூவெல்லாம் கருகிப்போயிற்று. மாகாணத்தின் அப்பிள் விளைச்சலில் சுமார் 80 வீதம் அந்த ஆண்டு இல்லாமல் போனது. 2020 மே மாதத்தில், அன்னையர் தினத்தையொட்டிய நாட்களில் ரொறன்ரோவில் பனி தூவியது. அதே மாதக் கடைசியில் 30 டிகிரியைத் தாண்டிய வெயிலுக்கு எச்சரிக்கை விட்டார்கள்.

இதற்குக் காரணம் ஒன்ராறியோ இருக்கிற இடம். வசந்தத்தில் வடக்கே ஆர்க்டிக் குளிர்காற்று இன்னும் பின்வாங்கியிருக்காது. தெற்கே மெக்சிகோ வளைகுடாப் பக்கமிருந்து ஈரமான சூட்டுக்காற்று ஏறத் தொடங்கிவிடும். இரண்டும் முட்டுகிற எல்லை நமது தலைக்கு மேலே வடக்கும் தெற்குமாக இழுபடுகிறது. எல்லை வடக்கே போன நாளில் பிள்ளைகள் ரீசேர்ட்டோடு விளையாடுவார்கள். அடுத்த நாள் தெற்கே இறங்கினால் பனி. வயார்டன் ஊரில் வில்லி என்றொரு நிலப்பன்றி (கிரவுண்ட்ஹொக், பெயரில்தான் பன்றி, உண்மையில் அணில் இனம்) இருக்கிறது. பெப்ரவரி 2ஆம் தேதி அது தன் நிழலைக் கண்டால் இன்னும் ஆறு கிழமை குளிர் என்பது இங்கத்தைய ஐதீகம். நிழலைக் கண்டாலென்ன, காணாவிட்டாலென்ன, ஆறு கிழமைக்குப் பிறகும் குளிரும்.

இது போதாதென்று ஏரி வேறு இருக்கிறது. ஒன்ராறியோ ஏரி ஆழமானது; மிக ஆழமான இடம் 244 மீற்றர். அதனால் குளிர்காலத்தில் முழுதாக உறைவதும் அரிது, வசந்தத்தில் சீக்கிரம் சூடாவதும் இல்லை. ஏப்ரலில் தண்ணீர் நாலைந்து டிகிரியில்தான் நிற்கும். ஏரிப் பக்கமிருந்து காற்று வீசினால் பிரம்ப்டனில் 20 டிகிரியாக இருக்கிற அதே மதியம் ஸ்காபரோ கரைமேட்டில் (புளஃப்ஸ்) 10 டிகிரி இருக்கும். வானிலைச் செய்தியில் "ஏரியோரம் குளிராக இருக்கும்" என்று ஒரு துணுக்குச் சொல்வார்கள், அதைத் தவற விடாதீர்கள். பிரம்ப்டனில் வசிக்கிறவர்கள் பிள்ளைகளோடு கடற்கரை மாதிரி நினைத்து புளஃப்ஸ் பார்க்கப் போவதென்றால் காருக்குள் ஆளுக்கொரு ஸ்வெட்டர் கிடக்கட்டும்.

சரி, கார் என்றதும் ரயர். குளிர்கால ரயரைக் கழற்ற மார்ச்சிலேயே கராஜுகளில் வரிசை கட்டுவார்கள். அவசரப்படாதீர்கள். வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண ரயரின் ரப்பர் இறுகிப் பிடிமானம் குறையும் என்பதுதான் கணக்கு. பகலைப் பார்க்காமல், நீங்கள் வேலைக்குப் புறப்படும் விடிகாலையைப் பாருங்கள். ஏப்ரல் கடைசி வரை விட்டு வைப்பதில் ஒரு நட்டமும் இல்லை. ரோட்டில் குழிகள் பெருகுவதும் இந்தக் காலத்தில்தான். வெடிப்புக்குள் இறங்கிய தண்ணீர் இரவில் உறைந்து விரிந்து தாரைப் பெயர்த்துவிடும். மழைத்தண்ணீர் தேங்கி நிற்கிற இடத்தில் குழி எவ்வளவு ஆழம் என்று தெரியாது, விலகி ஓட்டுங்கள்.

உறைமழை

பனிப்புயலைவிட எனக்குப் பயம் உறைமழைக்கு. மேலே சூட்டுக்காற்றில் பனி உருகி மழையாகிறது. நிலத்துக்குப் பக்கத்தில் மட்டும் பூச்சியத்துக்குக் கீழே ஒரு மெல்லிய குளிர்ப்படை கிடக்கிறது. அதனூடாக விழுகிற துளி உறைய நேரமில்லாமல் தண்ணீராகவே வந்து, பட்ட இடத்தில் உறைகிறது. படிக்கட்டு, கார்க் கண்ணாடி, மரக்கிளை, மின்கம்பி எல்லாவற்றிலும் கண்ணாடி பூசியது போல ஐஸ் ஏறும். பனியென்றால் வெள்ளையாகத் தெரியும். இது வெறும் ஈரம் போலத்தான் தெரியும், காலை வைத்தால் ஆள் விழுவார்.

2018இல் சித்திரைப் புத்தாண்டு ஏப்ரல் 14, சனிக்கிழமை. அன்று தொடங்கிய ஐஸ் புயல் திங்கள் வரை நீடித்தது. பட்டுச்சேலைக்கு மேலே குளிர் ஜாக்கெட் போட்டுக் கோயிலுக்குப் போன புத்தாண்டு அது. சி.என். கோபுரத்திலிருந்து விழுந்த ஐஸ் துண்டுகள் பக்கத்திலிருந்த ரோஜர்ஸ் சென்ரர் கூரையைத் துளைத்து, திங்கள் நடக்கவிருந்த பேஸ்போல் ஆட்டத்தைத் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று. உயரமான கட்டடத்தின் அடியில் நின்று பஸ் பார்க்கிற பழக்கம் இருந்தால் அப்படியான நாட்களில் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.

2025 மார்ச் கடைசியில் வந்தது இன்னும் பெரிது. ஒறிலியா, பீற்றர்பரோ, கவர்த்தா ஏரிகள் பக்கமெல்லாம் மூன்று நாள் உறைமழை. மரங்கள் முறிந்து கம்பிகள் மேலே விழுந்து பத்து லட்சத்துக்கும் அதிகமான மின் இணைப்புகள் அறுந்தன. சில இடங்களில் ஒரு கிழமைக்கு மேலாகியும் கறண்ட் வரவில்லை. அதே நாட்களில் ரொறன்ரோவில் இருந்தவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. இங்கே நூறு கிலோமீற்றர் என்பது வேறு வானிலை. வீட்டு வாடகை குறைவு என்று வடக்கே போகிறவர்கள் இதையும் சேர்த்து யோசியுங்கள்.

கறண்ட் போனால் விளக்கு மட்டும் போவதில்லை. வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் எரிவாயுவில் ஓடினாலும் அதன் காற்றாடிக்கு மின்சாரம் வேண்டும், ஆகவே அதுவும் நிற்கும். உயரமான மாடிக் கட்டடங்களில் லிப்ட் நிற்கும், பம்ப் நின்று தண்ணீரும் வராமல் போகலாம். ஆகவே மூன்று நாளைக்குத் தாக்குப்பிடிக்க ஒரு பெட்டி தயாராக இருக்கட்டும்: ரோர்ச், பற்றரி, நிரப்பிய பவர் பாங்க், குடிதண்ணீர், தவறாமல் எடுக்கும் மருந்து, பாண், பிஸ்கட், டின்மீன், அதைத் திறக்க ஒரு திறப்பான். பிரிட்ஜைத் திறக்காமல் விட்டால் உள்ளே உள்ளது நாலு மணித்தியாலம் தாங்கும். நிறைந்த ஃப்ரீசர் இரண்டு நாள் தாங்கும். புட்டும் கறியும் கெட்டுப்போகிறதே என்று ஒவ்வொரு அரைமணிக்கும் திறந்து பார்த்தால் கெடத்தான் செய்யும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். குளிர் தாங்காமல் கரி அடுப்பையோ பார்பிகியூ அடுப்பையோ வீட்டுக்குள் மூட்டக் கூடாது, கராஜுக்குள்ளும் கூடாது. ஜெனரேற்றரும் அப்படித்தான். அதிலிருந்து வருகிற கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. நித்திரையிலேயே ஆளைக் கொன்றுவிடும். அறுந்து கிடக்கிற கம்பியிலிருந்து 10 மீற்றராவது தள்ளி நில்லுங்கள்.

காலையில் காரில் ஐஸ் ஏறியிருந்தால் கண்ணாடியில் சுடுதண்ணீர் ஊற்றாதீர்கள், வெடிக்கும். முதல் நாள் இரவே வைப்பரை நிமிர்த்தி வைத்தால் அது கண்ணாடியோடு ஒட்டாது. காரை வெளியே எடுத்து நிறுத்தி, ஹீற்றரைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிப் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பிறகு சுரண்டுங்கள்.

பேஸ்மென்டில் இருப்பவர்களுக்கு

வந்த புதிதில் நம்மில் பலருக்கும் முதல் வீடு பேஸ்மென்ட்தான். பனி உருகுகிற காலத்தில் நிலம் இன்னும் கீழே உறைந்திருக்கும், தண்ணீரை உறிஞ்சாது. அதற்கு மேலே மழையும் பெய்தால் தண்ணீர் சுவரோரமாக இறங்கும். வீடு பார்க்கப் போகும்போதே வீட்டுக்காரரிடம் கேளுங்கள்: நிலத்தடியில் சேரும் தண்ணீரை வெளியே இறைக்கும் சம்ப் பம்ப் இருக்கிறதா, கழிவுக்குழாயில் தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு போட்டிருக்கிறதா, முன்பு எப்போதாவது தண்ணீர் வந்ததா? சுவரின் அடிப்பக்கத்தில் புதுப் பெயின்ற் மட்டும் தனியாகத் தெரிந்தால் இன்னொரு தடவை கேளுங்கள்.

வாடகைக்கு இருப்பவர்களுக்கான காப்புறுதி எடுக்கும்போது கழிவுநீர் திரும்பி வருவதற்கும் வெளியிலிருந்து வெள்ளம் புகுவதற்கும் தனித்தனியாகச் சேர்க்க வேண்டியிருக்கும். சாதாரணக் காப்புறுதியில் இவை அடங்கியிருக்கும் என்று நினைக்காதீர்கள், முகவரிடம் நேரடியாகக் கேளுங்கள். கடவுச்சீட்டு, குடிவரவுப் பத்திரங்கள், பிறப்புச் சான்றிதழ், சான்றிதழ் மூலப்பிரதிகள் எல்லாம் பிளாஸ்ரிக் பைக்குள் இருக்கட்டும். கட்டிலுக்கு அடியிலுள்ள சூட்கேசில் வைக்காமல் அலுமாரியின் மேல்தட்டில் வையுங்கள்.

மார்ச், ஏப்ரலில் பிள்ளைகளை ஆற்றோரம் விடாதீர்கள். ஹைலண்ட் கிறீக், ரூஜ், டொன் எல்லாமே கோடையில் பார்க்கச் சின்ன ஓடைகள். பனி உருகும்போது கரை வழுக்கும், தண்ணீர் இழுக்கும், விழுந்தால் குளிரே ஆளைச் செயலிழக்கச் செய்யும். இந்த ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் ஏன் வீடே இல்லாமல் பூங்காவாகக் கிடக்கிறது என்று யோசித்திருப்பீர்கள். 1954 ஒக்ரோபரில் வந்த ஹேசல் சூறாவளியில் ஒன்ராறியோவில் 81 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் வெள்ளம் வரும் நிலத்தில் கட்டடம் கட்ட விடாமல் இறுக்கினார்கள். 2017 வசந்தத்தில் ஏரி நிரம்பி ரொறன்ரோ தீவுகளை ஜூலை கடைசி வரை மூடி வைத்தார்கள். 2019இல் ஏரி மட்டம் அதையும் தாண்டியது.

மே மாதக் காற்று

சுழல்காற்று (டொர்னேடோ) என்றால் அமெரிக்காவில் என்றுதான் நினைப்போம். 1985 மே 31, வெள்ளிக்கிழமை பின்னேரம் பாரி நகரை ஒரு சுழல்காற்று கிழித்துக்கொண்டு போனது. அங்கே 8 பேரும், அன்று ஒன்ராறியோ முழுவதும் 12 பேரும் இறந்தார்கள். 400 நெடுஞ்சாலையால் வடக்கே போகும்போது கடக்கிற அதே பாரிதான்.

2022 மே 21ஐப் பலர் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். விக்ரோரியா தின நீண்ட வார இறுதியின் சனிக்கிழமை. பூங்காவிலும் பின்வளவிலும் அடுப்பு மூட்டுகிற நாள். விண்ட்சர் பக்கம் தொடங்கிய இடிப்புயல் வரிசை ஒன்று சில மணித்தியாலத்தில் கியூபெக் நகரம் வரை சுமார் 1,000 கிலோமீற்றர் ஓடியது. டெரேச்சோ என்று அதற்குப் பெயர். சுழலாமல் நேராக அடிக்கும் காற்று, பியர்சன் விமான நிலையத்தில் மணிக்கு சுமார் 120 கிலோமீற்றர். ஸ்காபரோவிலிருந்து ஒரு மணித்தியாலத் தூரம்கூட இல்லாத அக்ஸ்பிரிட்ஜில் சுழல்காற்றும் சேர்ந்து வீடுகளை உடைத்தது. அன்று இறந்தவர்களில் பெரும்பாலானோர் மரம் விழுந்து இறந்தவர்கள். மழைக்கு மரத்தடியில் ஒதுங்குவது ஊரில் இயல்பு, இங்கே இடிப்புயல் வரும்போது அதைச் செய்யாதீர்கள். தூரத்தில் மேகம் கறுத்து, காற்று திடீரென்று குளிர்ந்தால் சாப்பாட்டை விட்டுவிட்டுக் கட்டடத்துக்குள் போங்கள். வீட்டில் பேஸ்மென்ட் நல்லது. மாடிக் கட்டடத்தில் யன்னல் இல்லாத குளியலறை, அல்லது உள்நடை. லிப்டில் ஏற வேண்டாம்.

கைத்தொலைபேசி காது கிழியக் கத்தும்போது பயந்து அணைத்துவிடாதீர்கள், வாசியுங்கள். சுழல்காற்றுக்கும் மிகக் கடுமையான இடிப்புயலுக்கும் அப்படி அரசாங்க அறிவிப்பு வரும். மே மாதத்தில் ஒரு பரீட்சார்த்த ஒலியும் வருவது வழக்கம், அதில் "சோதனை" என்று எழுதியிருக்கும். மற்ற நாட்களுக்கு வெதர்கேன் என்ற அரசாங்கச் செயலி போதும். வாட்ச் என்றால் வரக்கூடிய நிலைமை இருக்கிறது, கண் வைத்திருங்கள். வார்னிங் என்றால் வருகிறது அல்லது வந்துவிட்டது. 2025 நவம்பரிலிருந்து மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று நிறமும் போடுகிறார்கள். மஞ்சள் அடிக்கடி வரும். செம்மஞ்சள் வந்தால் பயணத்தைத் தள்ளிப்போட முடியுமா என்று பாருங்கள்.

அப்புறம், தோட்டம். பின்வளவு கிடைத்ததும் கத்தரி, மிளகாய், பாகல், புடோல் என்று கை துருதுருக்கும். கடைகளில் ஏப்ரலிலேயே கன்று விற்பார்கள், வாங்கி நட்டால் ஒரே இரவு உறைபனியில் கருகும். இங்கத்தைய பழைய கணக்கு விக்ரோரியா தினம், அதாவது மே 25க்கு முந்திய திங்கள். ஏரிக்கரையிலும் நகரத்துக்குள்ளும் கொஞ்சம் முன்பே உறைபனி ஓயும், வடக்கே போகப் போகப் பிந்தும். பாகல், புடோல் விதையை ஏப்ரலில் யன்னலோரம் சட்டியில் போட்டு முளைக்க வையுங்கள். முருங்கையும் கறிவேப்பிலையும் சட்டியிலேயே இருக்கட்டும், இரவு 10 டிகிரிக்குக் கீழே போனால் உள்ளே தூக்கி வைக்கலாம். வெளியே நடுவதற்கு முன் ஒரு கிழமை கன்றுகளைப் பகலில் நிழலான இடத்தில் வைத்து இரவில் உள்ளே எடுங்கள். யன்னலோரம் வளர்ந்த இலையை நேரே மே வெயிலில் வைத்தால் இரண்டு நாளில் வெளுத்துப்போகும்.