படகில் டிவி லிஃப்ட் நின்றுவிட்டதா? மோட்டாரைக் கழற்றும் முன் படியுங்கள்

போன வாரம் புதிதாக வேலைக்குச் சேர்ந்த தம்பி ஒருவன் வந்து நின்றான். "அண்ணே, டிவி லிஃப்ட் போச்சு. கண்ட்ரோல் பாக்ஸுக்குப் பன்னிரண்டரை வோல்ட் வருது, மோட்டார் அசையவே இல்லை. புதுசு ஆர்டர் போட்டுடலாமா?"

டிவி லிஃப்ட் என்றால் அலமாரிக்குள் இருக்கும் டிவியை மோட்டாரால் ஏற்றி இறக்கும் கருவி. துபாயில் படகு வயரிங் வேலைக்கு வந்த புதிதில் இதே வார்த்தையை நானும் சொன்னேன். அதற்குப் பிறகு வந்த எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டுவிட்டேன். ரிமோட் பேட்டரி, இறங்கிக் கிடக்கும் பிரேக்கர் இதையெல்லாம் நீங்களே பார்த்திருப்பீர்கள். அதை விட்டுவிடுகிறேன். அதற்குப் பிறகு நாம் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

லோடு இல்லாமல் (மோட்டார் கரண்ட் இழுக்காதபோது) வோல்ட் பார்ப்பது

காசைக் கரைக்கும் தவறு இதுதான். இன்றைக்கும் யாராவது செய்தால் எனக்குக் கோபம் வருகிறது.

அன்றைக்கு நான் பார்த்த படகில் டிவி பாதி உயரம் ஏறி நின்றுவிட்டது. மீட்டரை வைத்தேன், 12.6 வோல்ட். மோட்டார்தான் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். புது லிஃப்ட் வர மூன்று வாரம் ஆனது. அலமாரியின் மரவேலையைப் பிரித்து, பழையதை எடுத்து, புதியதை மாட்டி, பட்டனை அழுத்தினேன். அதே பாதி உயரத்தில் நின்றது. படகுக்காரர் பக்கத்திலேயே இருந்தார். என் ஃபோர்மேன் வந்து ஒன்றுதான் சொன்னார்: "பட்டனை அழுத்திக்கிட்டே மீட்டரைப் பாரு." அழுத்தினேன். 12.6 என்று காட்டிய மீட்டர் 8.6-க்கு இறங்கியது.

நடந்தது இதுதான். மல்ட்டிமீட்டர் இழுக்கும் கரண்ட் ஒரு ஆம்பியரில் ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒரு பங்கு. வயரில் ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் அதற்குப் போதும், முழு வோல்ட் காட்டும். மோட்டாருக்கு அப்படி இல்லை. அது 8 ஆம்பியர் இழுக்கிறது, வழியில் ஒரு இணைப்பில் அரை ஓம் தடை இருக்கிறது என்றால் 4 வோல்ட் அங்கேயே போய்விடும். அந்த 4 வோல்ட் சும்மாவும் போகாது. 32 வாட் சூடாக மாறும். ஒரு சால்டரிங் அயர்ன் அளவு சூடு, பார்வைக்கே படாத ஒரு மூலையில், மரத்துக்குப் பக்கத்தில். லிஃப்ட் ஓடாதது தொல்லை, இது ஆபத்து.

குற்றவாளி, பில்ஜுக்கு (தண்ணீர் சேரும் படகின் அடிப்பகுதி) மேலே இருந்த நெகட்டிவ் பஸ்பாரில் (பல வயர்கள் சேரும் உலோகப் பட்டை) ஒரு லக், அதாவது வயர் முனையில் மாட்டும் உலோகக் காது. வெளியே கொஞ்சம் பச்சைக் களிம்பு, அவ்வளவுதான். இன்சுலேஷனை இரண்டு அங்குலம் சீவினால் உள்ளே செம்பு கரியாகக் கறுத்து, விரலில் பொடியாக உதிர்ந்தது. ஈயம் பூசாத சாதா வயரை யாரோ போட்டிருந்தார்கள். உப்புக் காற்று இழைகளுக்கு நடுவே ஏறிவிட்டது.

சரி, எப்படிப் பார்ப்பது? ஒருவர் பட்டனை அழுத்திப் பிடிக்கட்டும். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி பிளஸ்ஸிலும் மறுமுனையை கண்ட்ரோல் பாக்ஸின் பிளஸ்ஸிலும் வையுங்கள். மீட்டர் காட்டுவது அந்த வழியில் தொலைந்த வோல்ட். அப்புறம் நெகட்டிவ் பக்கமும் அப்படியே. பாதிப் பேர் நெகட்டிவ்வைப் பார்ப்பதே இல்லை. 12 வோல்ட் சிஸ்டத்தில் இரண்டு பக்கமும் சேர்ந்து 1.2 வோல்ட்டுக்கு மேல் போனால் மோட்டாரைத் தொடாதீர்கள். பஸ்பார், பியூஸ் ஹோல்டர், லக் என்று ஒவ்வொன்றாக முனையை நகர்த்துங்கள், எங்கே எண் குதிக்கிறதோ அங்கே பழுது.

கரையில் நிற்கும்போது சார்ஜர் 13.8 வோல்ட் வரை கொடுத்துக்கொண்டிருக்கும். அந்தத் தெம்பில் லிஃப்ட் ஏறிவிடும். கடலுக்குப் போய் பேட்டரியில் மட்டும் ஓடும்போது நின்றுவிடும், அல்லது ரிலே "டக் டக்" என்று அடித்துக்கொண்டே இருக்கும். "துறையில ஓடுது, கடல்ல ஓடலை" என்று படகுக்காரர் சொன்னால் முதலில் இணைப்புகளைச் சந்தேகியுங்கள்.

மோட்டாருக்கு நேராக பேட்டரி கொடுப்பது

சில மாடல்களில் லிமிட் சுவிட்ச் மோட்டார் குழாய்க்குள்ளேயே இருக்கும். அங்கே மேலோ கீழோ கடைசிக்குப் போனதும் தானாக நிற்கும். வேறு சிலவற்றில் நிறுத்தும் வேலை கண்ட்ரோல் பாக்ஸினுடையது. அதை ஒதுக்கிவிட்டு பேட்டரியை நேராகக் கொடுத்தால் தண்டு முட்டிய பிறகும் மோட்டார் திருகும், நட்டின் மரை தேய்ந்து போகும். இரண்டு தூண் உள்ள லிஃப்டில் ஒரு தூணை மட்டும் ஓட்டினால் சட்டம் கோணிக்கொள்ளும். எந்த வகை என்று தெரியாமல் செய்யாதீர்கள்.

பியூஸ் போனால் பெரிய பியூஸ்

வயரைக் காப்பாற்றத்தான் பியூஸ். அதே அளவு போடுங்கள்.

ரீசெட்டை மறப்பது

இரட்டைத் தூண் லிஃப்டுகள் பல, மோட்டார் சுற்றை எண்ணித்தான் உயரத்தை அறியும். பேட்டரியைக் கழற்றி மாட்டினால் கணக்கு தப்பலாம். இறக்கும் பட்டனை அடிவரை அழுத்திப் பிடிப்பதுதான் பல மாடல்களில் ரீசெட். உங்கள் மாடலுக்கு என்ன முறை என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

விடாமல் அழுத்திப் பார்ப்பது

பெரும்பாலும் 2 நிமிடம் ஓடினால் 18 நிமிடம் ஓய்வு வேண்டும். சூடேறி நின்ற மோட்டாரை "செத்தது" என்று எழுதாதீர்கள்.

மூடியை மறப்பது

ஈரத்தில் உப்பிய மர மூடி சட்டத்தில் பிடித்துக்கொள்ளும். மூடியைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். அப்படியே பின்பக்கம் டார்ச் அடித்து, எச்டிஎம்ஐ கேபிள் எங்காவது மாட்டி இழுபடுகிறதா என்றும் பாருங்கள்.

பியூஸைப் பிடுங்காமல் உள்ளே கை விடுவது

விடாதீர்கள். மேலே யாராவது ரிமோட்டை எடுத்து அழுத்துவார்கள்.