வாக்கம் க்ளீனர் சீக்கிரம் பழுதாவது ஏன்? நம் வீடுகளில் நடக்கும் தவறுகள்

வேலூரில் சித்திரை, வைகாசி வெயிலுக்கு ஜன்னலைத் திறந்தால் காற்றோடு மண்ணும் உள்ளே வருகிறது. அதனால் சத்துவாச்சாரி, காட்பாடி பக்கம் பல வீடுகளில் இப்போது வாக்கம் க்ளீனர் இருக்கிறது. வாங்கிய கொஞ்ச நாளிலேயே அது மெக்கானிக் கடைக்குப் போவதுதான் வருத்தம். பெரும்பாலும் இயந்திரத்தின் மேல் குற்றம் இருக்காது. அது எப்படி வேலை செய்கிறது என்று நமக்கு யாரும் சொல்லித் தராததுதான் காரணம்.

இது இழுப்பது காற்றை. தூசி அந்தக் காற்றோடு சேர்ந்து வருகிறது. உள்ளே இருக்கும் பை தூசியைப் பிடித்துக்கொண்டு காற்றை மட்டும் வெளியே விடுகிறது. 1901-ல் லண்டனில் ஹியூபர்ட் செசில் பூத் என்ற பொறியாளர் கண்டுபிடித்ததும் இதைத்தான். அவர் பார்த்த ஒரு இயந்திரம் தூசியை ஊதித் தள்ளியது. கிளம்பிய தூசி திரும்பவும் அங்கேயே படிந்தது. ஊதுவதற்குப் பதில் உறிஞ்சினால் என்ன என்று யோசித்தவர், நாற்காலி மேல் கைக்குட்டையை விரித்து வாயாலேயே உறிஞ்சிப் பார்த்தார். இருமல் வந்தது, கைக்குட்டையின் அடிப்பக்கம் அழுக்கும் படிந்திருந்தது. அவர் செய்த இயந்திரத்தைக் குதிரை வண்டியில் வைத்துத் தெருவில் நிறுத்தி, நீளமான குழாயை ஜன்னல் வழியாக வீட்டுக்குள் விடுவார்கள்.

அதைக் கையில் பிடிக்கும் அளவுக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் ஓஹையோவில் துப்புரவு வேலை பார்த்த ஜேம்ஸ் ஸ்பாங்லர். ஆஸ்துமாக்காரர். பெருக்கும்போது கிளம்பும் தூசி தாங்காமல், மின்விசிறி மோட்டார், துடைப்பக் கட்டை, தலையணை உறை ஆகியவற்றை வைத்து ஒன்றைச் செய்து, 1908-ல் காப்புரிமை வாங்கினார். அந்த உரிமையை வாங்கித் தொழிற்சாலையில் தயாரித்தவர் வில்லியம் ஹூவர். அவர் குதிரைச் சேணம் செய்துவந்த தோல் வியாபாரி! மோட்டார் கார் வந்து சேணத்துக்குக் கிராக்கி குறைந்த காலம் அது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் தொழில்காரர்களுக்கு அந்த நெருக்கடி புரியும்.

சரி, தவறுகளுக்கு வருவோம். நம் ஊரில் முதல் எதிரி கோலப்பொடி. வாசலில் சிந்தியதை அப்படியே உறிஞ்சிவிடுகிறோம். விபூதியும், டைல்ஸ் அறுத்த தூளும், சிமெண்டும் இதே ரகம்தான். இந்த நைசான பொடி பில்டரின் மடிப்புகளுக்குள் புகுந்து, பூசியது போல அடைத்துக்கொள்ளும். அப்போது சத்தத்தைக் கவனியுங்கள்: 'ஊ' என்ற ஒலி கீச்சென்று உயரும். இயந்திரம் நன்றாக இழுக்கிறது என்று பலர் நினைப்பது இந்த நேரத்தில்தான். உண்மையில் இழுக்கக் காற்று கிடைக்காமல் மோட்டார் சும்மா வேகமாகச் சுற்றுகிறது. சாதாரண மாடல்களில் மோட்டாரைக் குளிர வைப்பதும் அதே காற்றுதான். அது நின்றால் சூடு ஏறும், மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருள் (வைண்டிங்) கருகும். கோலப்பொடிக்குத் துடைப்பமும் ஈரத்துணியும் போதும். பை முக்கால்வாசி நிரம்பியதும் கொட்டிவிடுங்கள்.

அடுத்தது தண்ணீர். வெள்ளிக்கிழமை வீடு கழுவிய கையோடு ஈரத்தரையில் ஓட்டக் கூடாது. உலர் மாடலில் உறிஞ்சிய காற்று மோட்டார் வழியாகவே போகிறது. ஈரமும் கூடவே போகும். ஈரம், உலர் இரண்டுக்கும் ஆன மாடலில் மோட்டாருக்குத் தனிக் குளிரூட்டும் காற்று உண்டு. தொட்டி நிரம்பினால் மிதவை எழும்பி வழியை மூடும். அதிலும் தண்ணீர் எடுக்கும் முன் காகிதப் பையைக் கழற்றிவிட வேண்டும்.

பில்டரைக் கழுவிவிட்டு அவசரப்பட்டு மாட்டுவதும் தப்பு. வேலூர் வெயிலில் மேல்பக்கம் சீக்கிரம் காய்ந்துவிடும், மடிப்புக்குள் ஈரம் இருக்கும். அதில் தூசி பட்டால் சேறாகி, நாற்றமும் வரும். ஒரு நாள் முழுக்க நிழலில் காயட்டும். கழுவக்கூடாத பில்டர்களும் உண்டு, கையேட்டைப் பார்த்துவிடுங்கள்.

கடையில் "எத்தனை வாட்ஸ்?" என்று மட்டும் கேட்பதை விட்டுவிடலாம். வாட்ஸ் என்பது அது எடுக்கும் மின்சக்தி. உறிஞ்சும் பலம் அல்ல. ஐரோப்பிய ஒன்றியம் 2014-ல் 1600 வாட்ஸ், 2017-ல் 900 வாட்ஸ் என்று உச்சவரம்பு வைத்தது. அங்கேயும் வீடுகள் சுத்தமாகத்தான் இருக்கின்றன. காற்றோட்ட அளவையும் உறிஞ்சும் அழுத்தத்தையும் கேளுங்கள்.

சாம்பிராணி, ஊதுவத்திச் சாம்பலை எடுக்கவே வேண்டாம். உள்ளே ஒரு கங்கு இருந்தாலும் பை பற்றிக்கொள்ளும்.

அப்புறம், மோட்டாரில் பொறி அதிகம் பறந்தால் உடனே தூக்கிப் போடாதீர்கள். நிமிடத்துக்கு 20,000 சுற்றுக்கும் மேல் சுற்றும் மோட்டார் இது. அதற்குக் கரண்டைக் கொண்டுபோகும் இரண்டு கார்பன் பிரஷ்களும் உரசி உரசித் தேயத்தான் செய்யும். தேய்ந்ததை மெக்கானிக்கிடம் கழற்றிக் காட்டச் சொல்லி, இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள். புது இயந்திரத்தின் விலையோடு பார்த்தால் அது சிறிய செலவுதான்.