பென்சிலை மிதக்கவிடலாம்: மேஜை மேல் ஒரு காந்த பேரிங்

சேலம் அம்மாப்பேட்டைப் பக்கம் விசைத்தறிச் சத்தத்தில் வளர்ந்தவர்களுக்கு பேரிங் என்றால் கிரீஸும் தேய்மானமும்தான். சுழலும் தண்டைத் தொடாமலே தாங்கும் பேரிங்கும் இருக்கிறது, தாங்குவது காந்தம். அதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

வேண்டியவை: ஒரே அளவில் ஆறு வளையக் காந்தங்கள், பென்சில், செலோடேப், பிள்ளைகள் பிசையும் கலர் களிமண், மரப்பலகை, சின்னக் கண்ணாடித் துண்டு. காந்தம் கறுப்பு ஃபெரைட்டாகவே இருக்கட்டும். பளபளக்கும் நியோடிமியத்தை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். விரலை நசுக்கும், மோதினால் விளிம்பு சிதறும். (ஃபெரைட் பெரும்பாலும் இரும்பு ஆக்சைடுதான். நம் கஞ்சமலையின் மேக்னடைட் என்ற தாதுக்கல்லும் இரும்பு ஆக்சைடு. அந்தக் கல்லில் காந்தம் ஒட்டும்.)

1. ஆறையும் ஒரே அடுக்காக ஒட்டவிடுங்கள். ஒவ்வொன்றாகக் கழற்றும்போது மேல்முகத்தில் மார்க்கரால் புள்ளி வையுங்கள். புள்ளி வைத்த முகம் எல்லாவற்றிலும் ஒரே துருவம்.

2. பென்சிலில் டேப் சுற்றி, இரண்டு வளையங்களை ஒரு சாண் நீளத்துக்குள் இடைவெளி விட்டு இறுக்கமாக மாட்டுங்கள். புள்ளிகள் கூர்முனையைப் பார்க்க வேண்டும். வளையம் ஒருபக்கம் சாய்ந்தால் சுழலும்போது ஆடும்.

3. மற்ற நான்கையும் பலகையில் களிமண் வைத்து, இரண்டிரண்டாக, பக்கத்தில் பக்கத்தில் நிமிர்த்தி நடுங்கள். புள்ளிகள் இங்கும் கூர்முனை இருக்கும் திசையையே பார்க்கட்டும். ஜோடிக்குள் ஒன்றையொன்று தள்ளும் என்பதால் களிமண்ணைத் தடிமனாக வையுங்கள். தெர்மாகோலில் ஃபெவிக்விக் போட்டு ஒட்டலாமே என்று நினைக்க வேண்டாம், தெர்மாகோலையே அரித்துவிடும். களிமண்ணில் இன்னொரு வசதி, பிறகு நகர்த்தலாம்.

4. இந்த இடத்தில்தான் எனக்கு அதிக நேரம் பிடித்தது. பென்சில் வளையங்களைக் கீழ் ஜோடிகளுக்கு நேர் மேலே வைத்தால், பென்சில் மிதக்கும், ஆனால் உடனே முன்னாலோ பின்னாலோ பாய்ந்துவிடும். காந்தத்தின் பலம் போதவில்லை என்றுதான் தோன்றும். பலத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நிலைக்காந்தங்களை மட்டும் வைத்து ஒரு பொருளை எல்லாத் திசையிலும் அசையாமல் மிதக்கவிட முடியாது என்று சாமுவேல் எர்ன்ஷா என்ற ஆங்கிலேயக் கணிதவியலாளர் 1842-லேயே நிறுவிவிட்டார். பக்கவாட்டில் நிலைத்தால் நீளவாக்கில் நழுவும். ஆகவே நழுவும் திசையை நாமே தீர்மானிக்க வேண்டும். கூர்முனைக்கு எதிரே கண்ணாடியை நிறுத்துங்கள். பென்சில் வளையங்கள் கீழ் ஜோடிகளை விட இரண்டு மூன்று மில்லிமீட்டர் கண்ணாடிப் பக்கம் தள்ளி இருக்கட்டும். முனை கண்ணாடியில் லேசாக முட்டி நிற்கும். அதிகம் தள்ளினால் தூக்கும் விசை குறையும், முனை அழுந்தி சுழற்சி சீக்கிரம் நிற்கும். காந்தங்களைத் தொடாமல் கண்ணாடியை மட்டும் மயிரிழை மயிரிழையாக நகர்த்திப் பாருங்கள்.

சரியாக அமைந்ததும் விரலால் சுண்டுங்கள். வெகுநேரம் சுற்றும்.

யுரேனியம் செறிவூட்டும் சென்ட்ரிஃபியூஜ் என்ற, அதிவேகமாகச் சுழலும் உருளையிலும் இதே ஏற்பாடுதான்: மேல்முனையைக் காந்தம் பிடிக்க, கீழ்முனை ஊசியில் நிற்கும். அந்த ஒற்றைத் தொடுதலும் வேண்டாம் என்றால் மின்காந்தம் வேண்டும். சென்சார்கள் தண்டின் இடைவெளியை ஓயாமல் அளக்க, கண்ட்ரோலர் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை மின்னோட்டத்தைத் திருத்தும். தண்டு விலகினால் அந்தப் பக்க இழுப்பு குறையும், எதிர்ப்பக்கம் கூடும். மின்சாரம் போனால் விழும் தண்டைத் தாங்க, பக்கத்திலேயே சாதாரண பால் பேரிங்கும் வைத்திருப்பார்கள். எண்ணெய் தேவையில்லாததால் வெற்றிடப் பம்புகள், இயற்கை எரிவாயு கம்ப்ரசர்கள், பெரிய ஏசி சில்லர்கள் ஆகியவற்றில் இந்த மின்காந்த பேரிங் பயன்படுகிறது. எனக்கு மிகவும் பிடித்தது ஹார்ட்மேட் 3 என்ற இதயப் பம்ப். அதன் சுழலி ரத்தத்துக்குள் முழுக்கக் காந்தத்தில் மிதக்கிறது. உரசல் இல்லாததால் ரத்த அணுக்கள் நசுங்குவது குறைகிறது.

பிற்சேர்க்கை: எல்லாம் சரியாகச் செய்தும் பென்சில் ஒருபக்கம் இழுக்கிறது என்று சிலர் சொன்னார்கள். அடியில் இரும்பு மேஜையோ பீரோவோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்புறம், பென்சில் முனை சீக்கிரம் மழுங்கினால் பால்பாயின்ட் ரீஃபிலின் முனையை வெட்டிச் செருகிக்கொள்ளுங்கள். பென்சிலின் கிராஃபைட்டை விட அது நன்றாக உழைக்கிறது.