குழுவின் பெயரில் ரசிகர் தளம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் பக்கம் முளைப்பாரி, தங்கச்சிமடம் சந்தியாகப்பர் திருவிழா, கந்தூரி என்று எது வந்தாலும் மெல்லிசைக் கச்சேரி வேண்டும். பாம்பனில் எனக்குத் தெரிந்த தம்பி ஒருவன், தனக்குப் பிடித்த குழுவுக்குச் சொந்தக் காசில் ஒரு ரசிகர் தளம் தொடங்கினான். தளத்தின் இணைய முகவரி குழுவின் பெயரேதான். முகப்பில் அவர்களுடைய சின்னம், கீழே இவனுடைய செல் நம்பர்.

ஒரு நாள் டீக்கடையில் உட்கார்ந்திருக்கும்போது விழாக் கமிட்டிக்காரர் ஒருவர் அவனைப் போனில் கூப்பிட்டார். "தம்பி, வர்ற வெள்ளிக்கிழமை தேதி காலியா? அட்வான்ஸ் எவ்வளவு?" "அண்ணே, நான் ரசிகன்தான்..." என்று இவன் இழுத்ததும், குழுவுக்கு வர மனமில்லை என்று நினைத்து அவர் வைத்துவிட்டார். அந்த மேடை வேறு குழுவுக்குப் போனது. அப்புறம் குழுவிடமிருந்து தம்பிக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தது.

அவன் மனதில் கெடுதல் இல்லை, எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் சீசனில் ஒரு ராத்திரி போனால், கீபோர்டுக்காரர் முதல் மைக் செட்காரர் வரை அத்தனை பேருக்கும் அன்றைய கூலி போச்சு. அதனால்தான் பெயரை மட்டும் முகவரியாக வைப்பதை முதல் தவறு என்கிறேன். பெயரோடு 'ரசிகர்கள்' என்று சேர்த்திருந்தால் பாதிக் குழப்பம் வந்திருக்காது. சின்னத்தையும் தொட வேண்டாம். 'இது அதிகாரப்பூர்வத் தளம் அல்ல' என்று அடியில் போட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். பாடகி மடோனா 2000-இல் தன் பெயரிலிருந்த டாட் காம் முகவரியைக் கேட்டு வழக்காடியபோது, எதிராளி போட்டிருந்த அப்படிப்பட்ட அறிவிப்பு அவரைக் காப்பாற்றவில்லை. ஆனால் அதே ஆண்டு இதேபோல் தன் பெயரிலிருந்த முகவரியைக் கேட்ட பாடகர் ஸ்டிங் தோற்றார். அவர் பெயர் ஆங்கிலத்தில் சாதாரணச் சொல். எதிராளியின் கெட்ட எண்ணமும் நிரூபிக்கப்படவில்லை.

"குழு பெயரை வணிகச் சின்னமாகப் பதிவே செய்யவில்லையே" என்பது அடுத்த தவறு. பதிவு இல்லாவிட்டாலும், சம்பாதித்த நற்பெயரை வைத்து வழக்குப் போடலாம். இணைய முகவரிக்கும் இது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2004-இல் சத்யம் இன்ஃபோவே வழக்கில் சொல்லிவிட்டது. அதற்காகப் பயந்து வாயை மூடிக்கொள்ளவும் வேண்டாம். குழுவைப் பற்றி எழுத அதன் பெயரைச் சொல்லித்தானே ஆக வேண்டும்? நேர்மையான பயன்பாட்டுக்கு 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டத்தின் 30-வது பிரிவு இடம் தருகிறது. பெயர் போட்ட டி-ஷர்ட் விற்கத் தொடங்கினால் கதை வேறு.

நோட்டீஸ் வந்ததும் கூட இருந்தவர்கள் தம்பிக்குச் சொன்ன யோசனைதான் மிக ஆபத்து: "ஐம்பதாயிரம் கொடுத்தால் முகவரியைத் தருகிறேன்னு சொல்லுடா." செலவழித்ததைவிட அதிகம் கேட்டு விற்கப் பார்ப்பதே கெட்ட எண்ணத்துக்குச் சாட்சியாகிவிடும். நோட்டீஸைக் கண்டுகொள்ளாமல் விடுவதும் அப்படித்தான். டாட் காம் முகவரி பற்றிய சண்டை நடுவர் மன்றத்துக்குப் போனால் பதில் தர 20 நாள்தான்.

குழுக்காரர்களுக்கும் ஒன்று. பெயரை வணிகச் சின்னமாக, பொழுதுபோக்குச் சேவைகளுக்கான 41-வது வகுப்பில் பதிவு செய்யுங்கள். 10 ஆண்டு செல்லும், புதுப்பித்துக்கொள்ளலாம். வக்கீலிடம் போவதற்கு முன்னால் ரசிகருக்கு ஒரு போன் செய்யுங்கள். இங்கே அதைத்தான் யாரும் செய்யவில்லை.

கடைசியில் தம்பியே குழுத் தலைவர் வீட்டுக்குப் போனான். முகவரியை அவர்களுக்கே எழுதிக் கொடுத்தான். இப்போது அவன் தளத்தின் முகவரியில் 'ரசிகர்கள்' என்று சேர்ந்திருக்கிறது. தலைப்புக்குக் கீழேயே, கச்சேரிக்கு அழைக்கக் குழுத் தலைவரின் நம்பர் இருக்கிறது.